தகடூர் யாருக்கு எல்லை?

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி (பழைய பெயர் தகடூர்), கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பக்கத்தையும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வழக்கமான வரலாறு இந்தச் சீமையை இரண்டு வரியில் முடித்துவிடும்: காடும் மலையுமான எல்லைப்புறம், பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், போசளர் என்று வந்தவர்களெல்லாம் பிடித்த நிலம். வாசகர்கள் அந்த இரண்டு வரியோடு நிற்கத் தயாராக இல்லை என்பது கடிதங்களில் தெரிகிறது.

ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நாட்டின் மேற்கு எல்லை எந்த ஊர்களின் வழியாகப் போனது? மாணவர்களுக்கு வரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் கோடு ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது.
– பள்ளி ஆசிரியர், அரூர்

கோடே போடாதீர்கள். புத்தகங்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம், இல்லாத ஒன்றை வரைந்திருப்பதுதான்.

அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்று பாருங்கள். ஓர் ஊரில் பல்லவ அரசன் பெயர் பொறித்த நடுகல் (சண்டையில் இறந்தவனின் நினைவுக்கு நட்ட கல்) கிடைத்தால் அந்த ஊர் பல்லவ நாடு; அடுத்த ஊரில் கங்க அரசன் பெயர் கிடைத்தால் அது கங்க நாடு; இரண்டுக்கும் நடுவே எல்லை. நடுகல்லில் அரசன் பெயர் எதற்காக வருகிறது என்று யாரும் நின்று கேட்கவில்லை. அது முதலில் ஒரு தேதிக் குறிப்பு. "இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு" என்று சொன்னால்தான் அன்றைக்குக் காலம் விளங்கும். அந்த அரசனுக்கு அவ்வூரார் வரி கட்டினார்களா, அவன் ஆட்கள் அங்கே இருந்தார்களா என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி ஆகாது.

செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 'கோவிசைய மயீந்திர பருமற்கு முப்பத்து நான்காவது' என்று மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு. அதற்கு அடியில் வாணகோ அரைசர் என்ற தலைவர். அவருக்கு மருமக்கள் முறையான பொற்றொக்கையார். அவருடைய இளமகன் (சேவகன் போல ஒரு நிலையைக் குறிக்கும் சொல்) கருந்தேவகத்தி, செத்தவன் இவன். எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். ஆக, காஞ்சியில் இருந்த அரசனுக்கும் எருமைக்குப் பின்னால் ஓடியவனுக்கும் நடுவில் இரண்டு அடுக்கு இருக்கிறது. கருந்தேவகத்தி யாருக்காகப் போனான் என்றால் தன் எருமைக்காகவும் தன் தலைவனுக்காகவும். பல்லவப் பேரரசின் எல்லையைக் காக்க அல்ல.

கங்க அரசன் ஸ்ரீபுருஷன் பெயரைத் தாங்கிய தமிழ் நடுகற்களும் இதே சீமையில் உண்டு. மேலே அரசன் பெயர் மாறுகிறது. கீழே ஊர், தொறு (மாட்டு மந்தை), சண்டை, சாவு எல்லாம் முன்போலவே இருக்கின்றன.

வரைபடத்துக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நடுகல்லுக்கும் ஆறு கட்டம் போட்ட அட்டவணை எழுதச் சொல்லுங்கள்: கல் நிற்கும் இடம், அரசன் பெயரும் ஆண்டும், நடுவில் வரும் தலைவன், இறந்தவனின் ஊர், தாக்க வந்தவர்கள் யார் அல்லது எந்த ஊரார், சண்டை நடந்த இடம். ஐந்தாவது, ஆறாவது கட்டங்கள் பல கற்களில் காலியாக இருக்கும், பரவாயில்லை. பிறகு வெறும் நில அமைப்பு வரைபடத்தில், அதாவது ஆறும் மலையும் கணவாயும் மட்டும் உள்ளதில், நடுவில் வரும் தலைவன் வாரியாகப் புள்ளி வையுங்கள். அரசன் வாரியாக வைக்காதீர்கள். புள்ளிகள் தென்பெண்ணைக் கரையையும் செங்கம் கணவாயையும் ஒட்டி எப்படிக் கூடுகின்றன என்பதை மாணவர்களே பார்த்துச் சொல்லட்டும். நிறம் தீட்டுவதை மட்டும் அனுமதிக்க வேண்டாம். நிறம் தீட்டினால் மறுபடி எல்லைக்கோடு வந்துவிடும்.

மகேந்திரவர்மன் காலம் 600 முதல் 630 வரை என்று படித்திருக்கிறேன். முப்பது ஆண்டு ஆண்டவனுக்கு முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு எப்படி வரும்? கல்வெட்டு தவறா?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

கல்வெட்டு சரி. திருத்த வேண்டியது 600 என்ற எண்.

முடிவு ஆண்டான 630-க்கு ஓரளவு பிடிமானம் உண்டு. சாளுக்கியர் தலைநகரான வாதாபியை வென்ற, மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டு அந்த ஊரிலேயே பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாதாபி விழுந்தது 642 வாக்கில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அவன் பட்டத்துக்கு வந்தது 630-ஐ ஒட்டி. அப்பன் ஆட்சி அதோடு முடிகிறது. முப்பத்து நான்கு ஆண்டாவது ஆண்டிருக்கிறான் என்றால் தொடக்கம் 596-க்குப் பின்னால் இருக்க வழியில்லை. அதனால்தான் பிற்கால நூல்களில் 590 என்ற கணக்கைப் பார்க்கிறீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. தலைநகரத்துக் கோயில்களிலும் குகைகளிலும் கிடைக்காத ஆட்சியாண்டு, எருமை மேய்த்தவனின் கல்லில் கிடைத்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டது 1970-களின் தொடக்கத்தில். அதுவரை எல்லைப்புறத்தின் காலத்தை மையத்தைக் கொண்டு கணித்தார்கள். இங்கே மையத்தின் காலத்தை எல்லைப்புறம் திருத்தியது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எடுத்தனூரில் ஆண்டு எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே சந்தேகம் குறைவு. பல கற்களில் எண் குறியீடுதான் இருக்கும். ௩௰௪ என்றால் 34. முன்னாலுள்ள ௩ தேய்ந்துபோனால் மிஞ்சுவது ௰௪, அதாவது 14. இருபது ஆண்டு காணாமல் போய்விடும். எண்ணுக்கு இடப்பக்கம் சிதைவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஆட்சியாண்டை எடுத்தாளக் கூடாது.

அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் தகடூரை ஆண்ட அதியமான்தான் என்கிறார்கள். அப்படியானால் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அஞ்சி அசோகன் காலத்தவனா?
– வாசகர், பென்னாகரம்

முதல் பகுதி ஆம். இரண்டாவது பகுதி இல்லை.

அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசைப்படுத்துகிறது. மற்ற மூவரும் தெரிந்தவர்கள். சத்தியபுத்திரரை மட்டும் காஞ்சிப் பக்கம், துளு நாடு, மராட்டியம் என்று ஆளுக்கொரு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1981-இல் திருக்கோவலூர் அருகே தென்பெண்ணைக் கரையில் உள்ள ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. பாளி என்பது துறவியர் தங்கும் குகை. பெயரும் பட்டமும் ஒரே வரியில் வந்ததும் பழைய ஊகங்கள் விழுந்தன.

அசோகன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஜம்பை எழுத்தமைதியைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டில் வைக்கிறார். நடுவில் பல தலைமுறை. 'ஸதியபுதோ' என்பது குடிப்பட்டம். அந்தக் குடியில் வந்த ஒருவன் அஞ்சி. அசோகன் குறிப்பிட்டது அவனுடைய முன்னோரை.

இந்தச் சான்றின் கனம் அஞ்சியின் வயதில் இல்லை. வழக்கமான வரலாற்றில் மூவேந்தர் பெருநிலம், அதியமான் ஒரு குறுநிலம், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மௌரிய அரசின் கணக்கிலோ நால்வர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தகடூரை 'இடைப்பட்ட சிறு நாடு' ஆக்கியது பிற்காலப் பார்வை.

இன்னொரு பிழையும் பரவலாக இருக்கிறது. சங்க கால அதியமானையும், எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் குடைவரையில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று பெயர் விட்டுப்போன அதியனையும், 12-13-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிப் போளூர்த் திருமலையில் கல்வெட்டு வைத்த விடுகாதழகிய பெருமாளையும் ஒரே குடும்ப மரமாக வரைகிறார்கள். பெயர் தொடர்ந்தது என்பதற்கு மட்டும்தான் சான்று உண்டு. இரத்தம் தொடர்ந்ததா என்பது வேறு கேள்வி. பாருங்கள், பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து தகடூரைத் தாக்கி அழித்தவன் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை என்கிறது. திருமலைக் கல்வெட்டிலோ அதியமான் தன்னைச் சேர வழியில் வந்த எழினியின் வழித்தோன்றலாகச் சொல்லிக்கொள்கிறான். பழைய உறவின் நினைவா, பெருமைக்குச் சேர்த்துக்கொண்டதா என்று தனியே ஆராய வேண்டும். குடும்ப மரத்தில் ஒட்டிவிட்டால் அந்தக் கேள்வியே மறைந்துவிடும்.

எங்கள் பகுதி நடுகற்களில் பாதி மாடு பிடிச் சண்டைதான். அப்படியானால் இது திருடர் நாடாக இருந்தது என்பதுதானே பொருள்? பிள்ளைகளுக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, ஊத்தங்கரை

கூச்சப்பட ஒன்றும் இல்லை. பெருமைப்பட்டு மார்தட்டவும் இல்லை. இரண்டுமே கல்லைப் படிக்க விடாது.

ஆநிரை கவர்வது அன்றைய போரின் தொடக்கச் செயல். தொல்காப்பியம் அதற்கு வெட்சி என்று தனித் திணையே வகுத்திருக்கிறது. மீட்பது கரந்தை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகல்லும் 'ஆகோள்', அதாவது ஆநிரை கவர்தல், பற்றியதுதான். எனவே இது தகடூருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. இங்கே கற்கள் அதிகம் தங்கியிருக்கின்றன, அவ்வளவே.

அதிகம் இருந்ததற்கும் காரணம் சொல்லலாம். ஆற்றுப் பாசன நாட்டில் செல்வம் நெல்லாகக் களஞ்சியத்தில் இருக்கும். இந்த மேட்டு நிலத்தில் மழை நம்ப முடியாதது, ஏரியும் சிறியது. செல்வம் காலில் நடந்தது. வறட்சியில் புல் தேடி மந்தையை மலையடிவாரத்துக்கு ஓட்ட வேண்டும். ஓட்டும் வழியோ செங்கம், தொப்பூர் போன்ற கணவாய்கள். நெல் களஞ்சியத்தைக் கொள்ளையிட வண்டிகள் வேண்டும். மந்தையைக் கொள்ளையிட நாலு ஆளும் ஒரு இரவும் போதும். யார் எந்தப் பக்கம் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

கல்லைப் படிக்கும்போது 'தொறுக் கொண்ட ஞான்று' என்று வருகிறதா, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வருகிறதா என்று பாருங்கள். முதலாவது கவர்ந்த நாளைச் சொல்கிறது, இரண்டாவது மீட்கப் போய் இறந்ததை. கவரப் போனவனுக்கும் கல் உண்டு, காக்கப் போனவனுக்கும் கல் உண்டு. புலியோடும் பன்றியோடும் பொருது செத்தவர்களுக்கும் உண்டு. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தியின் காலடியில் ஒரு நாய் நிற்கிறது. 'கோவிவன்' என்று அதன் பெயரையும், கள்ளரைக் கடித்துக் காத்திருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுக்குக் கல்லில் வைத்த சமூகத்தை 'முரட்டு எல்லைப்புறம்' என்ற ஒரு சொல்லில் அடக்க முடியுமா?

சாதிப் பெருமைக்காக நடுகல்லைத் தேடுபவர்களுக்கும் சேர்த்து ஒன்று. பெரும்பாலான பழைய நடுகற்கள் இறந்தவனின் தலைவனைச் சொல்கின்றன, ஊரைச் சொல்கின்றன, சேவகன், இளமகன் என்று நிலையைச் சொல்கின்றன. இன்றைய சாதிப் பெயர் எதையும் சொல்வதில்லை. இன்று அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பம் வீரனின் வழித்தோன்றல் என்பது நம்பிக்கை. அதை மதிக்கலாம், சான்றாக எழுதக் கூடாது.

ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, எண்ணெய் பூசி, எழுத்து தெரியவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா? மைப்படி எடுப்பது எப்படி?
– இளைஞர் குழு, போச்சம்பள்ளி

கம்பி பிரஷ், அமிலம், சோப்புத்தூள், உளி எதுவும் கூடாது. சுண்ணாம்புக்குக் கீழே எழுத்தின் விளிம்பு ஏற்கெனவே பொரிந்திருக்கும். கம்பி பட்டால் எழுத்தோடு உதிர்ந்துவரும். எழுத்துக் குழியில் சாக்பீஸோ மாவோ தடவிப் படம் எடுப்பதும் கெடுதல். எது எழுத்து என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து தடவுகிறீர்கள். பிறகு படத்தைப் பார்ப்பவர் உங்கள் ஊகத்தைத்தான் படிப்பார்.

முதலில் ஊராரிடம் கேளுங்கள். வழிபாட்டில் உள்ள கல் என்றால் பூசை செய்பவரின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கல்லைச் சுற்றித் தோண்டாதீர்கள். கடைசி வரிகள் மண்ணுக்குள் இருப்பது சகஜம்தான், ஆனால் அதைத் தோண்டுவது துறையின் வேலை.

மைப்படிக்கு (தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பதற்கு) முன் வெளிச்சத்தால் முயலுங்கள். பாதிக் கற்களை இதிலேயே படித்துவிடலாம். இருட்டிய பிறகு ஒரு நல்ல டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்புக்கு ஏறக்குறைய இணையாக, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் பிடியுங்கள். எழுத்துக் குழியில் நிழல் விழும். இடம், வலம், மேல், கீழ் நான்கு பக்கமிருந்தும் ஒளி கொடுத்து நான்கு படம். கேமரா அசையக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். ஒரு அளவுகோலைப் படத்துக்குள் வையுங்கள். பகலில், நிழல் சீராக உள்ள நேரத்தில், கல்லைச் சுற்றி நாற்பது, ஐம்பது படங்கள், ஒவ்வொன்றும் முந்தைய படத்தோடு முக்கால் பங்கு மேற்படியும்படி எடுத்தால் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யலாம். அதில் ஒளியை வேண்டியபடி திருப்பிப் பார்க்கலாம், கல்லைத் தொட வேண்டியதே இல்லை.

மைப்படிதான் வேண்டும் என்றால், தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். வேலை இப்படிப் போகும். மெல்லிய தேங்காய் நார் பிரஷும் தண்ணீரும் கொண்டு மண்ணையும் பாசியையும் எடுங்கள். ஈரம் தாங்கும் மைப்படித் தாளை, கல்லைவிட நாலு விரல் கூடுதலாக வெட்டி, நனைத்து, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். அடிக்கும் பிரஷால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டுங்கள். காற்று வெளியேறித் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்க வேண்டும். பிறகு காத்திருங்கள். தாளின் பளபளப்புப் போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில், விளக்குக் கரியும் பசையும் கலந்த மையைத் துணிப் பொட்டணத்தில் எடுத்து, முதலில் ஒரு பலகையில் ஒற்றிவிட்டு, தாளில் லேசாக ஒற்றுங்கள். இழுக்கக் கூடாது. மேடு கறுக்கும், குழி வெள்ளையாக நிற்கும். நன்றாக உலர்ந்ததும் மேல் மூலையிலிருந்து உரியுங்கள்.

கெடுவது எங்கே? பெரும்பாலும் அவசரத்தில். தாள் ஈரமாக இருக்கையில் மை வைத்தால் குழிக்குள் கசிந்து எழுத்து நிரம்பிவிடும். உச்சி வெயிலில் செய்தால் மறுபக்கம் தட்டி முடிப்பதற்குள் இந்தப் பக்கம் உலர்ந்து எழும்பிவிடும். அதிகாலை நல்லது, காற்று வீசும் நாள் ஆகாது. எண்ணெய் ஊறிய கல்லில் தாள் ஒட்டவே ஒட்டாது. உங்கள் கல்லுக்கு இதுதான் சிக்கல். அங்கே வெளிச்சப் படமே வழி.

படித்ததை எழுதும்போது, பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் ப, வ, ய மூன்றும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோல் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ஐயமான எழுத்தை அடைப்புக்குறியில் போடுங்கள், அழிந்ததற்குப் புள்ளிக்கோடு. அழகாக நிரப்பிக் கொடுத்த வாசகத்தைவிட ஓட்டையோடு கொடுத்த வாசகம் பயன்படும்.

தருமபுரியில் கன்னடக் கல்வெட்டு இருப்பதைக் காட்டி ஒருவர் வாதிடுகிறார், கோலாரில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதைக் காட்டி இன்னொருவர் வாதிடுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், ஓசூர்

இருவரும் பார்த்த கல்வெட்டு சரி. அதைக் கொண்டு நிலத்துக்குப் பட்டா கேட்பது தவறு.

நுளம்ப அரசன் மகேந்திரனின் சகம் 815, அதாவது கி.பி. 893-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு தருமபுரியில் இருக்கிறது. சமணப் பள்ளிக்குக் கொடுத்த கொடையைச் சொல்வது. 13-ஆம் நூற்றாண்டில் போசள இராமநாதன் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டபோது வெளியிட்டவற்றில் தமிழ்க் கல்வெட்டுகள் பல. கன்னட மரபில் வந்த அரசன், தமிழில் ஆணை. 1116-17 வாக்கில் போசள அரசன் விஷ்ணுவர்தனனின் தளபதி கங்கராஜன் தலக்காட்டைப் பிடித்தபோது, அங்கே சோழருக்காக எதிர்த்து நின்றவன் ஓர் அதியமான். தகடூர்ப் பெயர் காவிரியின் மேல்கரையில் கன்னட நாட்டு நடுவில் நிற்கிறது.

கல்வெட்டு மொழி என்பது கொடை கொடுத்தவர், எழுதியவர், படிக்க வேண்டியவர் மூவருக்குமான ஏற்பாடு. சுற்றியிருந்த குடிகள் வீட்டில் பேசிய மொழி அதிலிருந்து நேராக வராது.

உங்கள் ஊர் ஓசூர் என்பதால் ஒரு பயனுள்ள தகவல். தமிழ்நாட்டுத் தொகுதிகளை மட்டும் புரட்டினால் பாதிதான் கிடைக்கும். லூயிஸ் ரைஸ் பதிப்பித்த மைசூர் 'எபிகிராபியா கர்னாடிகா' வரிசையில் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டம், பத்தாம் தொகுதி கோலார் மாவட்டம். இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். இன்றைய மாநில எல்லைப்படி நூலகத்தில் தேடுவதே பழைய பிழையின் தொடர்ச்சிதான்.

எங்கள் வீட்டில் செப்புப் பட்டயம் ஒன்று உண்டு. கரிகாலன் எங்கள் முன்னோருக்கு இந்த நாட்டைக் கொடுத்ததாகச் சொல்கிறது. உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

முதலில், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படிவத்தோடு மெல்லிய கீறலும் போய்விடும். இரு பக்கமும், வளையமும் முத்திரையும் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் படம் எடுத்து, நீளம், அகலம், எடை குறித்துக்கொள்ளுங்கள். நூறாண்டு தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

பிறகு மூன்று சோதனை. எழுத்து: பழைய அரசன் பெயர் சொல்லி 17, 18-ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருந்தால், பட்டயம் எழுதிய காலம் அந்த எழுத்தின் காலம்தான். பொருள்: கொடைப் பட்டியலில் மிளகாய், புகையிலை வந்தால் அது 16-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது ஆகாது. போர்த்துகீசியர் வழி வந்த பயிர்கள் அவை. துப்பாக்கி, தாலுகா, ஜில்லா போன்ற சொற்களையும் இப்படியே பாருங்கள். ஆண்டு: சக ஆண்டோடு 12 கூட்டி 60-ஆல் வகுத்தால் வரும் மீதி, பிரபவ முதலாக எண்ணும் தமிழ் ஆண்டின் வரிசை எண் (மீதி இல்லையென்றால் அறுபதாவதான அட்சய). சகம் 1714 என்றால் 1726, மீதி 46, அது பரிதாபி. பட்டயத்தில் வேறு ஆண்டுப் பெயர் இருந்தால் சந்தேகம். ஓர் ஆண்டு முன்பின் இருப்பதை மட்டும் விடலாம். நடப்பாண்டு, கழிந்த ஆண்டு என்ற கணக்கு வேறுபாட்டால் அது வரும்.

மூன்றிலும் தோற்றாலும் பட்டயத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஆரம்ப காலக் கங்கர் பெயரில் உள்ள செப்பேடுகளில் பலவற்றைப் போலி என்று கல்வெட்டறிஞர் ஃபிளீட் ஒதுக்கினார். போலி ஏன், எப்போது, யாரிடம் காட்டச் செய்யப்பட்டது என்பதே ஒரு வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டில் காணி (நில உரிமை) வழக்கில் காட்டுவதற்காக எழுதிய பட்டயம், கரிகாலன் காலத்துக்குச் சான்று இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் காணிச் சண்டைக்கு முதல்தரமான சான்று.

நம் பகுதியின் பழைய பெயரான பாராமகால் என்பது பன்னிரண்டு கோட்டை என்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு எவை?
– வாசகர், பர்கூர்

பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. கிருஷ்ணகிரி, ஜகதேவி போன்றவை எல்லாவற்றிலும் வரும், மீதி மாறும். பன்னிரண்டு என்ற எண்ணை முதலில் வைத்துக்கொண்டு பிறகு கோட்டைகளை நிரப்பியிருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

பாராமகால் பற்றி அதைவிட முக்கியமானது 1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து அளந்தார்கள். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. 'ஆளில்லாத காட்டு நாடு' என்ற படத்துக்கு அவர்கள் காலத்துப் பதிவுகள் பெரிதும் உதவின. ஆனால் அந்தப் பதிவுகளுக்கு முந்திய கால் நூற்றாண்டைப் பாருங்கள். 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயில் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் போர். அதன் பிறகும் படைகள் இந்தக் கணவாய்கள் வழியாகவே ஏறி இறங்கின. படை போன வழியில் தரிசாகக் கிடந்த வயலை அளந்துவிட்டு, அது ஆதியிலிருந்தே தரிசு என்று எழுதினால் எப்படி? ரீடு காலத்துப் பதிவைப் பயன்படுத்தும்போது 'தரிசு' என்ற ஊரில் பாழடைந்த ஏரி, பழைய கோயில், நடுகல் இருக்கிறதா என்று களத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மக்கள் நடமாட்டமே இல்லாத ஒதுக்குப்புறம் என்பது முழுப் பொய்யா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

மலையுச்சிகளும் அடர்காடும் இருந்தன, அதை மறுக்க வேண்டாம். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புக் காலப் படிவிலிருந்து எடுத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒரு மாதிரியை வைத்து ஊர் முழுவதற்கும் வயது சொல்லக் கூடாது என்றாலும், ஒதுக்குப்புறத்தில் இரும்பு பிந்தி வந்தது என்ற பழைய கணக்கு இனி நிற்காது.

வழிகளையும் பாருங்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 'அதியமான் பெருவழி'க் கற்கள் நாவற்தாவளம் என்ற ஊருக்கு எத்தனை காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்தில் சொல்கின்றன. எழுத்தறியாத வழிப்போக்கனுக்காக அதே கணக்கைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள்: பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. பயணம் செய்பவரே இல்லாத இடத்தில் இப்படி யாரும் மெனக்கெட மாட்டார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போகும்போது நடுகற்களோடு இதையும் பாருங்கள். குழிகளை விரலால் எண்ணிவிட்டு, எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.